முதல் முகூர்த்தத்துக்குக் கேமராவைத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண சீசன் வந்துவிட்டால் மண்டபத்துக்கு மண்டபம் புது போட்டோகிராபர்களைப் பார்க்கலாம். கேமரா பாடி புதுசு, பை புதுசு, தப்பு மட்டும் பழசு. பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள், லென்ஸைத் துடையுங்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. இங்கே இருப்பவை, வேலை முடிந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் கண்ணில் படுகிறவை.

## சைலண்ட் ஷட்டர்

இந்த ஒன்றுக்குத்தான் எரிச்சல் அடங்கவே மாட்டேன் என்கிறது. ஏனென்றால் நம் கல்யாணத்தில் இதைப் போட ஒரு காரணமும் இல்லை. வெளிநாட்டு யூடியூப் சேனல்களில் "சடங்கு நேரத்தில் சைலண்ட் மோடு போடுங்கள்" என்பார்கள். அது ஊசி விழுந்தாலும் கேட்கிற சர்ச்சுக்கான அறிவுரை. இங்கே ஐயர் கையைத் தூக்கிக் "கெட்டிமேளம்" என்றதும் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து முழங்கும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே காதில் விழாது. உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது?

சரி, போட்டால் என்ன ஆகும்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் டியூப் லைட்டும் மலிவு டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்று) போட்ட எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குள் படத்தைப் பதிக்கிற சென்சாருக்குத் தெரியும். மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சென்சாரைக் கடக்க ஏறக்குறைய 1/250 நொடிதான். சைலண்ட் மோடில் வேலை செய்கிற எலக்ட்ரானிக் ஷட்டரோ மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்து இறங்கும். நடுத்தர விலை பாடிகள் பலவற்றில் அதற்கு 1/15 முதல் 1/50 நொடி வரை ஆகும். 1/20 நொடி எடுக்கும் பாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கி எழுந்துவிடும், படத்தின் குறுக்கே ஐந்து இருட்டுப் பட்டைகள் விழும். ஷட்டர் வேகம் 1/500, 1/1000 என்று ஏற ஏறப் பட்டை அழுத்தமாகும். மேடையில் வைக்கிற பிங்க், ஊதா எல்இடி பார் லைட்டுகளும் எல்இடி திரையும் இதைவிடப் பல மடங்கு வேகமாக அணைந்து எரிபவை. அவை நெருக்கமான மெல்லிய கோடுகளாக வரும்.

முந்தின நாள் ரிசப்ஷனிலேயே ஏன் தெரிவதில்லை? வீடியோக்காரரின் லைட் பெரும்பாலும் சீராக எரியும். அது முகத்தில் நேராக அடிக்கும்வரை பட்டை அமுங்கிக் கிடக்கும். மூன்று அங்குல ஸ்கிரீனில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். காலையில் தாலி கட்டும் நேரம் அட்சதை போட எல்லாரும் எழுந்து முன்னே வருவார்கள். லைட் பிடிக்கிற பையன் ஒதுங்குவான், அல்லது ஒரு பெரியப்பாவின் தலை அந்த லைட்டை மறைக்கும். மிச்சம் இருப்பது மண்டப விளக்கு மட்டும். அந்தப் பத்து நொடியில் மாப்பிள்ளை கை, மஞ்சள் கயிறு, பெண்ணின் கன்னம் எல்லாவற்றிலும் வரிக்குதிரைக் கோடு. 12க்கு 36 ஆல்பத்தில் ஒரு விரிப்பு முழுக்க வர வேண்டிய படம் அதுதான்.

பிறகு லைட்ரூம் மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பட்டைக்குப் பட்டை வெளிச்சம் மட்டும் மாறினால் பரவாயில்லை. நாலு வகை விளக்கு கலந்திருப்பதால் நிறமும் மாறும். நெற்றி மஞ்சள், மூக்கு ஊதா. தாலி கட்டின படத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இதற்கு மேல் இன்னொன்று. பல பாடிகளில் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் எரியாது. அது தெரியாமல் மேடையிலேயே ஃபிளாஷைக் கழற்றி மாட்டி, செல்லை மாற்றி, ஃபிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூவை ஊதிக்கொண்டு நிற்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. மெனுவில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

ஆகவே மெக்கானிக்கல் ஷட்டர், வேகம் 1/100. கைப்பழக்கத்தில் 1/125 வைக்காதீர்கள். விளக்கின் ஒரு முழு ஏற்ற இறக்கம் 1/100 நொடியில்தான் சரியாக அடங்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் ஹெர்ட்ஸ் கொஞ்சம் ஆடும், அப்போது பட்டை தெரிந்தால் 1/50க்கு இறங்குங்கள். கை அசைவை ஃபிளாஷ் ஓரளவு நிறுத்திக் கொடுக்கும். விளக்கு மங்காத கணம் பார்த்து எடுக்கிற ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். தொடர் ஷாட்டின் வேகம் சற்றுக் குறையும், குறையட்டும். சத்தம் உண்மையிலேயே இடைஞ்சலான சர்ச் கல்யாணம் என்றால் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (தொடக்கம் மட்டும் எலக்ட்ரானிக், முடிவு மெக்கானிக்கல் திரை) போதும்.

முந்தின நாள் ரிசப்ஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மேடை விளக்கு எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். வெள்ளைத் துணி எதையாவது பார்த்து நீங்கள் வைக்கப்போகும் செட்டிங்கில் பத்து ஷாட் எடுத்து, நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். வீடியோ லைட் அப்போது அணைந்திருக்க வேண்டும். எரிந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

## 85 எம்எம், எஃப் 1.4

85 எம்எம் லென்ஸை எஃப் 1.4 என்ற அகலத் திறப்பில் வைப்பது ரிசப்ஷன் போர்ட்ரெய்ட்டுக்கு அருமை. தாலிக்கு ஆகாது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்தில் இதன் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் இடம், 4.5 செ.மீ.தான். தாலி தெளிவாக இருந்தால் முகம் போகும், முகம் இருந்தால் தாலி போகும். அதே தூரத்தில் 35 எம்எம், எஃப் 2.8 என்றால் ஏறக்குறைய அரை மீட்டர் கிடைக்கும். முடிச்சுப் போட நாத்தனார் பின்னால் நிற்பதும் அதில் சேரும். அவரை வெட்டிவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வாங்குவது நீங்கள்தான். தாலி கட்டுவது உட்கார்ந்தா நின்றா, நாத்தனார் எந்தப் பக்கம் வருவார் என்று ஐயரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

## சிவப்புப் பட்டு

கூறைப் புடவை அரக்கோ சிவப்போ என்றால் சாதாரண ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பொய் சொல்லும். மொத்த வெளிச்சம் நடுவில் நிற்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். அப்படி முட்டிய இடத்தில் ஜரிகையும் நெசவும் தெரியாமல் ஒரே வண்ணத் திட்டாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை வைத்துப் பாருங்கள். சிவப்பு முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி).

## ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்

வேண்டாம். விளக்கின் நிறத்தை அளக்கும் கெல்வினில் ஒரு எண்ணை நிறுத்தி, ராவில் (பிறகு திருத்த வசதியான மூலக் கோப்பு) எடுங்கள்.

## ஃபிளாஷ் செல்

நாலு டபுள் ஏ செல் போடும் ஃபிளாஷ், முழு சக்தியில் ஒருமுறை அடித்தால் அடுத்த அடிக்கு இரண்டு, இரண்டரை நொடி ஆகும். செல் தளர்ந்தால் இன்னும் இழுக்கும். கெட்டிமேளத்தில் அழுத்திப் பிடித்தால் முதல் படம் வெளிச்சம், அடுத்த மூன்று இருட்டு. ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 1600, 3200 என்று ஏற்றி ஃபிளாஷை 1/8 சக்திக்கு இறக்குங்கள், தொடர்ந்து அடிக்கும். ரிசப்ஷனில் ஓடின செல்லை முகூர்த்தத்துக்குப் போடக்கூடாது. தனி செட் வேண்டும், புதுசையும் பழசையும் கலக்கவும் கூடாது. காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் சார்ஜ் போட உங்களுக்கு மண்டப அறையில் ஒரே ஒரு பிளக் கிடைக்கும், அதிலும் யாரோ ஒருவரின் போன் தொங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போங்கள்.

## இரண்டாவது கார்டு

இரண்டு ஸ்லாட் இருந்தும் ஓவர்ஃப்ளோவில் விட்டிருப்பார்கள். அதில் முதல் கார்டு நிறைந்தால்தான் இரண்டாவதில் எழுதும். முதல் கார்டு கெட்டால் எல்லாம் போச்சு. பேக்கப்புக்கு மாற்றுங்கள். 24 மெகாபிக்சலில் கம்ப்ரஸ்டு ரா ஒன்று சுமார் 25 எம்பி வரும், 64 ஜிபி கார்டில் இரண்டாயிரத்துக்கு மேல் பிடிக்கும். முகூர்த்தத்துக்குத் தனி கார்டு போட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

## கடிகாரம்

இரண்டு பாடி என்றால் இரண்டிலும் ஒரே நேரம், நொடி உட்பட. ஐந்து நிமிடம் தள்ளியிருந்தால் நேர வரிசையில் அடுக்கும்போது மாலை மாற்றும் முன்பே தாலி ஏறியிருக்கும்.