மாம்பழத் தோல், கொட்டையை வீணாக்காம என்ன பண்ணலாம்

கிருஷ்ணகிரி பக்கம் சீசன்ல மாம்பழக்கூழ் ஃபேக்டரி எல்லாம் ஓட ஆரம்பிச்சா பெங்களூரா ரக மாம்பழத் தோலும் கொட்டையும் மலையா குவியும், வெயில்ல சீக்கிரமே புளிச்சு ஈ மொய்க்கும். ஜாம் கெட்டியாகறதுக்கு நாம காசு குடுத்து வாங்குற பெக்டின் அந்தத் தோல்லயே இருக்குங்க. ஆனா தோலை அன்னிக்கே எடுத்தாதான் உண்டு, லேட் பண்ணா அதுல இருக்கற என்சைமே பெக்டினை உடைச்சிரும்.

பழத்தை வெட்டறதுக்கு முன்னாடியே காம்புப் பால் போக நல்லா கழுவிடுங்க, அந்தப் பால் சிலருக்கு அரிப்பு குடுக்கும். 1 கிலோ தோலை கொதிக்கற தண்ணில 5 நிமிஷம் போட்டு வடிச்சிருங்க, என்சைம் அடங்கிரும். அப்புறம் 2 லிட்டர் புதுத் தண்ணி, 2 டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்துல (அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்) சிம்ல முக்கால் மணி நேரம் வைங்க, தளதளன்னு கொதிக்க விடாதீங்க. வேட்டித் துணில வடிகட்டி பாதியா சுண்ட வைங்க.

பெக்டின் வந்திருக்கான்னு பாக்க, ஆறின சாறு ஒரு ஸ்பூனை ஒரு சின்ன கிளாஸ்ல 3 ஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல விட்டு லேசா ஆட்டுங்க. ஒரே கட்டியா திரண்டு ஃபோர்க்ல தூக்க வந்தா சூப்பர், துணுக்கு துணுக்கா நின்னா இன்னும் சுண்டணும். அதை வாயில வைக்காம கொட்டிருங்க.

இதே சாறைப் பழம் சீக்கிரம் கெடாம இருக்க மேல பூசற கோட்டிங்காவும் பண்ணலாம். அதுக்கு 1 லிட்டர் சாறுக்கு 10 மில்லி ஃபுட் கிரேட் கிளிசரின் சேருங்க, இல்லன்னா காய்ஞ்சதும் வெடிக்கும். பெக்டின் காத்தைத்தான் தடுக்கும், ஈரம் போறதை அவ்வளவா தடுக்காது, அதனால சூடா இருக்கும்போதே துளி தேன்மெழுகு போட்டு ஹேண்ட் பிளெண்டர்ல அடிச்சுக்கறது நல்லது. ஆறினதும் துடைச்ச கொய்யா, தக்காளியை அரை நிமிஷம் முக்கி எடுத்து ஃபேன் காத்துல காய விடுங்க. பழுக்கறதும் சுருங்கறதும் மெதுவாகும்.

பிழிஞ்ச தோலைக் காயவச்சு பொடிச்சா நார்ச்சத்து மாவு, 100 கிராம் கோதுமை மாவுக்கு 5 கிராம் போதும், கூடினா கசக்கும்.

கொட்டைப் பருப்பும் லேசுப்பட்டதில்ல, ஐரோப்பாவுல சாக்லேட்ல கொக்கோ வெண்ணெய் கூடவே 5% வரைக்கும் சேர்த்துக்க அனுமதிச்ச 6 கொழுப்புல மாங்கொட்டைக் கொழுப்பும் ஒண்ணு. வீட்ல கொழுப்பு பிரிக்க முடியாது, மாவு பண்ணலாம்: ஓடை உடைச்சு, பழுப்புத் தோலை உரிச்சு, சீவி, தண்ணி பழுப்பாகறது நிக்கற வரைக்கும் மாத்தி மாத்தி ஊறவச்சு (துவர்ப்பு அப்பதான் போகும்), வேகவச்சு, ஒடிச்சா டக்குனு ஒடியற அளவுக்குக் காயவச்சு அரைங்க. பூஞ்சை பிடிச்ச பருப்பை மட்டும் கழுவி யூஸ் பண்ணலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க, 2024ல ஒடிசா கந்தமால்ல கெட்டுப்போன மாங்கொட்டைப் பருப்புக் கஞ்சி குடிச்சவங்க இறந்தே போயிட்டாங்க. கருப்பு, பச்சைப் புள்ளி ஒண்ணு தெரிஞ்சாலும் அந்த லாட்டையே தூக்கிப் போட்டுருங்க.