இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை

காசிமேட்டில் மீன் எடுத்துப் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் விற்றவர் என் அம்மா. அப்பா இறந்தபின் மீனைக் கையால் தொடுவாரே தவிர வாயில் வைக்கமாட்டார். முட்டையும் கிடையாது. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வேறு. ஹீமோகுளோபின் 7.8 என்று வந்ததும் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் விழுங்கியும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. ஒரு நாள் நடுத்தெருவில் அவர் காலிலிருந்து செருப்பு கழன்றுவிட்டது. அது தெரியாமலே நடந்துகொண்டிருந்தார். குறை பி12 வைட்டமினில் இருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தசோகை என்றால், முதலில் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். எம்.சி.வி. (MCV) என்று ஒரு வரி இருக்கும். ரத்தச் சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் எண் அது. 100க்கு மேல் இருந்தால், பி12 அல்லது ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்; மாத்திரையில் ஃபோலிக் அமிலம்) குறைவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்திருந்தால் அந்த எண் சரியாகவே தோன்றக்கூடும். அதனால் உடம்பையும் கவனியுங்கள். நாக்கு வழவழப்பாகச் சிவந்திருக்கிறதா? பாதம் மதமதக்கிறதா? முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறாரா? மறதி கூடியிருக்கிறதா? மதமதப்பைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டு நாங்கள் சும்மா இருந்தோம். நீங்கள் இருந்துவிடாதீர்கள், நரம்புச் சேதம் நாள்பட்டால் முழுதாகத் திரும்பாது.

மருந்துக்கடையில் நீங்களாக ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். ரத்தம் ஏறியதுபோல் தெரியும்; பி12 குறைவு உள்ளே நரம்பை அரித்துக்கொண்டே இருக்கும். பி12 ஊசியோ மாத்திரையோ தொடங்குமுன் பி12 பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். நாள்பட்டால் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கலாம்; அதற்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டில் பி12-க்கு மீன், முட்டை, ஈரல், பால், தயிர். நெத்திலியும் மத்தியும் போதும். வஞ்சிரம் தேட வேண்டியதில்லை. கீரையிலும் பயறிலும் ஃபோலேட் உண்டு, பி12 கிடையாது. கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஃபோலேட் அதோடு போய்விடும். குடல் உறிஞ்சாதவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. ஊசியோ கூடுதல் அளவு மாத்திரையோ தேவைப்படும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் 108-ஐ அழையுங்கள். எங்கள் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது; விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலம் கறுத்துப் போனாலும் உடனே காட்டுங்கள், உள்ளே ரத்தம் கசியலாம். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அதை மருத்துவர் சொல்லட்டும். கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்றால் அடுத்த பரிசோதனை நாள்வரை தள்ளாதீர்கள்.

ஊசி போடத் தொடங்கிய இரண்டாவது மாதம் அம்மா நிற்காமல் மாடி ஏறினார். கால்விரல் நுனிகள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. பின்பட்டை வைத்த செருப்புதான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.