வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கே டாக்டராகப் பதிவு செய்வது எப்படி?

அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்த வாரமே ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து வழவழப்பான கையேடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். விடுதியில் இட்லி, சாம்பார் உண்டு என்பது வரை அதில் இருந்தது. படித்துவிட்டு வந்தால் இங்கே பதிவு கிடைக்குமா என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் அலைந்து நான் தெரிந்துகொண்டதுதான் இது.

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்விலிருந்துதான் எல்லோரும் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அது பாதி வழியில் வருவது. பதிவு கிடைக்குமா கிடைக்காதா என்பது, பெரும்பாலும் கல்லூரியில் சேரும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

படி 1: சேரும் முன் மாதங்களை எண்ணுங்கள்

முதலில் நீட். 2018 முதல் வெளிநாட்டில் படிக்கவும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்த முடிவு மூன்று ஆண்டுகள் செல்லும்.

அடுத்தது தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-இல் கொண்டுவந்த விதிகள். அன்றைக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இவைதான். கல்லூரியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

- படிப்பு குறைந்தது 54 மாதங்கள், பாடமொழி ஆங்கிலம்.
- அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப், அதே கல்லூரியில். நடுவில் வேறு கல்லூரிக்கு மாறக் கூடாது.
- அந்த நாட்டுக் குடிமக்களுக்குக் கிடைக்கும் அதே மருத்துவ உரிமம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.
- சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் போகும் பிலிப்பைன்ஸ் இந்த முதல் வரியிலேயே சிக்கியது. அங்கே எம்.டி. என்பதுதான் நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் படிப்பு. அது நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள். அதற்கு முன் படிக்கும் பி.எஸ். என்ற அறிவியல் படிப்பு, மருத்துவப் படிப்புக் கணக்கில் சேராது. ‘மொத்தம் ஆறு வருஷம் ஆகிறதே’ என்று ஏஜென்ட் விரல்விட்டு எண்ணிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

மூன்றாவது வரியையும் லேசாக விடாதீர்கள். பட்டம் வேறு, உரிமம் வேறு. பட்டத்தை மட்டும் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பும் இடங்கள் உண்டு.

படி 2: பெயரைச் சரிசெய்யுங்கள்

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் முழுதாக வந்து நிற்கும். வெளிநாட்டுக் கல்லூரியோ அப்பா பெயரை முன்னால் தூக்கிப் போட்டுப் பட்டம் அச்சடிக்கும். மூன்று தாளில் மூன்று ஆட்கள்! எங்கள் வீட்டில் இதைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஓடியது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும் என்று கல்லூரியில் முதல் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். திரும்பும் முன், பட்டத்துக்கு அப்போஸ்டில் முத்திரையோ (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) இந்தியத் தூதரகச் சான்றோ வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபிறகு அதற்காக அலைவது பெரும்பாடு.

படி 3: எஃப்.எம்.ஜி.இ.

தேசியத் தேர்வு வாரியம் ஜூன், டிசம்பர் பருவங்கள் என ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. 300 கேள்விகள், ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் விடாமல் எழுதுங்கள். தேற 150 வேண்டும். இதற்குப் பதிலாக, இங்கே படித்தவர்களுக்கும் சேர்த்துப் பொதுவாக நெக்ஸ்ட் என்ற தேர்வு வரும் என்று சட்டத்தில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்வரை இதுதான்.

150 தானே என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படிப்பது நல்லது. உடற்கூறியலுக்கு 17, மகப்பேறு மருத்துவத்துக்கு 30, சமூக மருத்துவத்துக்கும் 30. வெளிநாட்டில் படித்தவர்கள் பலர் தடுமாறுவது இந்தக் கடைசிப் பாடத்தில்தான் என்பது என் கணிப்பு. நம் தடுப்பூசி அட்டவணையையும் காசநோய் ஒழிப்புத் திட்டத்தையும் ஜார்ஜியாவிலோ கிர்கிஸ்தானிலோ யார் சொல்லித்தரப் போகிறார்கள்? மூன்றாம் ஆண்டு முதலே இந்தியப் பாடநூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தற்காலிகப் பதிவு, பிறகு சி.ஆர்.ஆர்.ஐ.

தேறியதும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. அதை வைத்து இங்கே 12 மாதம் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்க்க வேண்டும். இந்தக் கட்டாயப் பயிற்சிக்குத்தான் சி.ஆர்.ஆர்.ஐ. என்று பெயர். அங்கே செய்த இன்டர்ன்ஷிப் இதற்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும். ஒரு கல்லூரி தன் இடங்களில் 7.5 சதவீதம் வரைதான் வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தரலாம் என்று ஆணையம் வரம்பு வைத்ததால், இடத்துக்காகக் காத்திருக்கவும் நேரலாம். அந்தக் காலத்துக்கும் சேர்த்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

படி 5: நிரந்தரப் பதிவு

சி.ஆர்.ஆர்.ஐ. முடித்த சான்றிதழோடு அதே கவுன்சிலில் விண்ணப்பித்தால் பதிவு எண் வரும். அது வரும்வரை, ‘டாக்டர்தானே’ என்று அத்தை கேட்டாலும் சீட்டில் மருந்து எழுதிக் கொடுக்காதீர்கள்.