வெளிமாநிலத்தில் பட்டப்படிப்பு: தேர்ந்தெடுப்பதும் அங்கே வாழ்ந்து பழகுவதும்

பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளை டெல்லியிலோ ஹைதராபாத்திலோ படிக்க விரும்புவதாகச் சொன்னால், வீட்டில் முதலில் எழும் கேள்வி “இங்கே இல்லாத படிப்பா?” என்பதுதான். அந்தக் கேள்வியை எரிச்சலோடு ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கான பதிலை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதிலிருந்தே முடிவெடுக்கத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் நல்ல கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆகவே பெயர் தெரியாத தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.காம். படிப்பதற்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்வதில் எந்தப் பொருளும் இல்லை. ஆனால் ஜப்பானிய மொழியையோ கொரிய மொழியையோ ரஷ்ய மொழியையோ இளங்கலைப் பாடமாகவே எடுத்துப் படிக்க வேண்டும் என்றால் டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.) உங்கள் பட்டியலில் இருந்தாக வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலையில் சேர்ந்து, ஆய்வுச் சூழலிலேயே வளர விரும்பினால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பாடம், ஒரு குறிப்பிட்ட துறை, அத்துறையின் ஆசிரியர்கள் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்ற தெளிவு ஆகிய மூன்றையும் எழுத முடிந்தால் வெளியே செல்லக் காரணம் இருக்கிறது. வீட்டை விட்டு விலக வேண்டும் என்பது மட்டுமே காரணமாக இருந்தால் இன்னும் சில நாள் யோசிப்பது நல்லது.

பொறியியலில் கணக்கு சற்று மாறும். மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகமான என்.ஐ.டி. ஒவ்வொன்றிலும் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்து மாணவர்களுக்கும் மறுபாதி பிற மாநிலத்தவருக்கும் உரியவை. திருச்சியில் விரும்பிய பிரிவு கிடைக்காதவருக்கு வாரங்கலிலோ சூரத்கலிலோ கோழிக்கோட்டிலோ அது கிடைக்கக்கூடும் என்பதால், விருப்பப் பட்டியலில் அவற்றையும் சேர்த்துவிட வேண்டும். மாநில அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உள்ளூர் மாணவர்களுக்கே பெரும்பகுதி ஒதுக்கப்படுகிறது. டெல்லியிலுள்ள குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்தில் 85 விழுக்காடு இடங்கள் டெல்லியில் படித்தவர்களுக்கானவை. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் இந்தத் தடை கிடையாது. வெளிமாநிலத்தவர் என்பதற்காகக் கூடுதல் கட்டணமும் கிடையாது.

விண்ணப்பமும் சான்றிதழ்களும்

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கை 2022 முதல் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடக்கிறது. தமிழ் உட்பட 13 மொழிகளில் இத்தேர்வை எழுதலாம். வினாக்கள் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டி அமைவதால், மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் அந்த நூல்களை இலவசமாகத் தரவிறக்கி, பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே வாசிக்கத் தொடங்குவது நலம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பல பட்டப்படிப்புகள் ஒரு மொழித்தாளைக் கேட்கின்றன. அம்மொழி தமிழாகவும் இருக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஆங்கிலத் தாளில் தடுமாறும் மாணவர் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்று அதே இடத்தைப் பிடிக்க வழி இருக்கிறது. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்த பிறகே தேர்வுக்கான பாடங்களைக் குறிக்க வேண்டும். பாடத்தைத் தவறாகக் குறித்துவிட்டு, நல்ல மதிப்பெண் பெற்றும் தகுதியிழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்வை எழுதிவிட்டால் சேர்க்கை தானாக நடந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகம் இடங்களை ஒதுக்கும் இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்து, கல்லூரியையும் படிப்பையும் இணைத்து விருப்ப வரிசை தர வேண்டும். வரிசையை நீளமாகவும் நேர்மையாகவும் எழுதுங்கள். உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதுவே மேலே இருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட இடத்தைக் கெடுவுக்குள் ஏற்காவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும் என்பதால், அந்த நாட்களில் திருமணம், திருவிழா என்று இணைய வசதி இல்லாத ஊருக்குப் போகாமல் இருப்பது நல்லது. உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் இடத்தை உறுதிசெய்துகொண்டு காத்திருப்பதில் தவறில்லை. சேர்க்கையை விலக்கிக்கொள்வோருக்கு எந்த நாள் வரை முழுக் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவிக்கும். அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் இடறி விழுவது சாதிச் சான்றிதழில்தான். நம்மிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அங்கே இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு ஓபிசி ஒதுக்கீட்டைப் பெற, மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் எனப்படும் வசதி மிக்க பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் சான்றிதழ் வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு பெற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். கிரீமி லேயருக்கான 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் வேளாண் வருமானமும் சேர்வதில்லை. ஆனால் அவர்கள் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை பார்க்கப்படும். இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட்டால் ஜூலையில் வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்காது. மாற்றுச் சான்றிதழோடு, தேர்வுத் துறை தரும் இடப்பெயர்வு (மைக்ரேஷன்) சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவை தமிழ்நாட்டுக் கலந்தாய்வோடு சேர்ந்தவை. எல்லை தாண்டி வராது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கென வழங்கப்படும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தின் வழியாகப் பெறலாம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேரும் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கும் தமிழ்நாடு அரசின் தனி உதவித்தொகை உண்டு.

தங்குமிடம் முக்கியம்

கல்லூரியின் பெயரைப் பார்க்கும் அளவுக்கு எங்கே தங்குவோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பலவற்றில் விடுதி கிடையாது. இருக்கும் விடுதிகளிலும் இடம் குறைவு. வெளியூர் மாணவர்கள் பெரும்பாலும் கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர், தெற்கே சத்ய நிகேதன் போன்ற பகுதிகளில் பி.ஜி. எனப்படும் அறைகளில் தங்குகிறார்கள். கல்லூரிக் கட்டணம் சிறியதாகவும், அறை வாடகையும் சாப்பாடும் அதைப்போலப் பல மடங்காகவும் இருக்கும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும் ஜே.என்.யூ.வும் வளாகத்துக்குள்ளேயே வாழ்வதற்கென்று உருவானவை. முதன்முறையாக வீட்டைப் பிரியும் மாணவருக்கு, அதிலும் குடும்பத்தில் பண நெருக்கடி இருந்தால், நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த இரண்டாம் வகையைத்தான். ஒரே உணவுக்கூடத்தில் மணிப்பூர்க்காரரும் பீகார்க்காரரும் மலையாளியும் எதிரெதிரே அமர்ந்து சாப்பிட்டுவிட்டு நள்ளிரவு வரை வாதிடும் வாழ்க்கை, தனியறைக்கு டிபன் வரவழைத்துச் சாப்பிடுபவருக்குக் கிடைக்காது. ஜே.என்.யூ. விடுதிகளுக்கு நதிகளின் பெயர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே காவேரி விடுதியும் உண்டு, பெரியார் விடுதியும் உண்டு. இரண்டாவது கேரளத்து ஆற்றின் பெயர் என்பதை நம்மவர்கள் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பி.ஜி.யில்தான் தங்க வேண்டும் என்றால் இணையத்தில் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். வகுப்பு தொடங்குவதற்கு நான்கைந்து நாள் முன்பே பெற்றோரில் ஒருவருடன் சென்று, தெரிந்தவர் வீட்டிலோ எளிய விடுதியிலோ தங்கி, அறையை நேரில் பாருங்கள். சன்னல் இருக்கிறதா, தண்ணீர் எந்நேரம் வருகிறது, மின்கட்டணம் தனியா, இடையில் காலி செய்தால் முன்பணம் திரும்புமா என்பதையெல்லாம் கேட்டு, ஒப்புக்கொண்டதை எழுதி வாங்குங்கள்.

முதல் ஆறு வாரமும் அதன் பிறகும்

முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும் என்று தெரிந்துகொண்டு செல்வது பாதிச் சுமையைக் குறைக்கும். ரசமில்லாத சாப்பாடு, புரியாத நகைச்சுவை, வகுப்பில் ஆசிரியர் திடீரென்று இந்திக்கு மாறும் அந்த இரண்டு நிமிடம் ஆகியவை சேர்ந்து மனத்தை அழுத்தும். ஆசிரியரிடம் வகுப்பு முடிந்தபின் சென்று, தமக்கு இந்தி தெரியாது என்பதைப் பணிவாகச் சொன்னால் பெரும்பாலோர் மறுநாளே திருத்திக்கொள்கிறார்கள். சொல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முதல் பருவத்தை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன். வீட்டுக்குத் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பேசுங்கள். ஆனால் முதல் மாதத்திலேயே ஊருக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள். துயரம் உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் செய்யத் தயங்க வேண்டாம்.

மொழியைக் கற்பதே அந்த ஊரை அனுபவிப்பதற்கான நேர்வழி. இந்தித் திணிப்பை எதிர்க்கும் உரிமையும், காய்கறிக்காரரிடம் பேசுவதற்காக இந்தி கற்கும் ஆசையும் ஒரே மனத்தில் முரணின்றி இருக்க முடியும். பாரதி 1898 முதல் ஏறத்தாழ நான்காண்டுகள் காசியில் வாழ்ந்து இந்தியும் சமஸ்கிருதமும் கற்றார். அவர் தமிழ் அதனால் குறையவில்லை. டெல்லியில் ஆட்டோ ஓட்டுநரை ‘பையா’ (அண்ணா) என்றும் பெரியவர்களை ‘ஆப்’ (நீங்கள்) என்றும் சொல்லத் தொடங்கினாலே பேச்சு இளகும். ஹைதராபாத்தில் இன்னும் எளிது: தெலுங்கிலும் அண்ணனும் அக்காவும் உண்டு, அந்த நகரத்து தக்கனி உருதுவில் ‘நக்கோ’ என்றால் வேண்டாம் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுவீர்கள்.

தமிழ் நண்பர்கள் வேண்டும். ஆனால் அவர்கள் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். டெல்லியில் 1946-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது, அதே பகுதியில் மலை மந்திர் முருகன் கோயிலும் இருக்கிறது. கறிவேப்பிலையும் நல்ல தேங்காயும் ஐ.என்.ஏ. சந்தையில் கிடைக்கும். மனம் வாடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே செல்லுங்கள். மற்ற ஞாயிறுகளில் டெல்லி கேட் அருகே மகிளா ஹாட்டில் கூடும் பழைய புத்தகச் சந்தைக்கும், மெஹ்ரோலியின் இடிபாடுகளுக்கும் வேறு மாநில நண்பர்களோடு செல்லுங்கள். விடுதியில் மெஸ் கமிட்டியில் சேருவது நான் அறிந்தவரை நண்பர்களைப் பெற மிக விரைவான வழி. வாரத்தில் ஒரு நாள் சாம்பாரைச் சாம்பாராக வைக்கச் செய்யும் அதிகாரமும் அதோடு வரும்.

குளிரைப் பற்றி இங்கே கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக் கம்பளி வாங்கிச் செல்ல வேண்டாம். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். நவம்பரில் காஷ்மீரி கேட் பக்கமுள்ள மொனாஸ்ட்ரி சந்தையில் நல்ல ஜாக்கெட்டும், தெருமுனைக் கடையில் பஞ்சு அடைத்த ரஜாய் போர்வையும் வாங்கிக்கொள்ளலாம். டெல்லியில் அக்டோபர் இறுதி முதல் காற்று மாசு கடுமையாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதை முன்பே மருத்துவரிடம் பேசி, தேவைப்பட்டால் நகரத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 2,182 கிலோமீட்டர். ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. தீபாவளிக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், பல்கலைக்கழக நாட்காட்டி வெளிவந்தவுடன் விடுமுறை நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வர முடியாமல் போகலாம். அப்படியானால் விடுதியிலேயே பானை வைத்து, அறைவாசிகளைக் கூப்பிடுங்கள். முதலாண்டுக் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த நண்பர் ஒருவரை அழைத்து வருவதாக அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டு டிக்கெட்டாகப் பதிவு செய்யுங்கள்.