தொண்டருக்கு நன்றி சொல்ல நன்றியுரை வரை காத்திருக்காதீர்கள்

எங்கள் மலையகத்து விழாக்களில் பிரதம அதிதிக்குப் பொன்னாடை, சிறப்பு அதிதிகளுக்கு மாலை. வருடம் முழுக்க மாலை வகுப்பு நடத்திய தொண்டர் பிள்ளைகளோ வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பார்கள், இல்லாவிட்டால் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நன்றியுரை கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிச் சனம் பஸ்ஸுக்கு ஓடிவிடும்.

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் சிறிய கல்விச் சங்கம் நடத்துகிறோம். எங்கள் நிகழ்ச்சி நிரலில் விளக்கேற்றியவுடன் தொண்டர்களின் முறைதான். அதிதிகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். அன்றைக்குத் தேநீர் ஊற்றுவது தலைவரும் செயலாளரும்.

ஆனால் விழாவெல்லாம் பிறகு. முதலில் பஸ் காசைக் கவனியுங்கள். தொண்டு என்றால் சம்பளம் இல்லை, சரி. கைக்காசும் போட வேண்டுமா? கேட்டால் "பரவாயில்லை மிஸ்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்காமலே வாரக் கடைசியில் கவரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தில் 'பயணச் செலவு' என்று ஏறிவிட்டால் வாங்குகிறவருக்குக் கூச்சம் இருக்காது.

கொழுந்து பறிக்கும் அக்காமார் சமைக்கவோ சிரமதானத்துக்கோ வருவதாக இருந்தால் வேலை நாளில் கூப்பிடாதீர்கள், அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். ஞாயிறு என்றாலும் விறகு, துவையல், சந்தை எல்லாம் அவர்களுக்கு அன்றுதான். பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்துக்கே தொடங்கி, சொன்ன நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

பாராட்டும்போது "நல்லா செஞ்சீங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். "நாலாம் வகுப்புப் பையனுக்குக் கழித்தலில் கடன் வாங்குவது பிடிபட்டதே நீ தீக்குச்சியை அடுக்கிக் காட்டின பிறகுதான்" என்றால் அந்தப் பிள்ளை மறக்காது. அதையே அவளுடைய அம்மா முன்னால் சொல்லுங்கள். பொழுது சாய்ந்த பிறகு மகளை வகுப்பு நடத்த அனுப்புவது எங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், சின்ன விஷயம் இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சையும் வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். ஆகவே அம்மா அப்பாவையும் விழாவுக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவையுங்கள். வகுப்பு முடிந்து பிள்ளை வீடு சேர்ந்தாளா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். என்னைக் கேட்டால் கேடயத்தைவிட அந்த போனுக்குத்தான் மதிப்பு.

எங்கள் தொண்டர்களில் பலர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு உதவுவது கடிதம். தங்கக் கரை போட்டு லேமினேட் செய்த சான்றிதழில் 'சிறந்த சேவை' என்று மட்டும் இருந்தால் நேர்முகத்தில் யார் பார்ப்பார்கள்? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த வகுப்புக்கு, என்ன பாடம், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று விவரமாக எழுதுங்கள். தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பிரதி இருந்தால் இன்னும் நல்லது. வேலை விட்டுப் போகும் நாளிலேயே கையில் கொடுங்கள், அலைய விடாதீர்கள்.

படம் எடுத்தால் ஃபேஸ்புக்கில் போடுமுன் கேளுங்கள். அவ்வளவுதான்.

விழாவை எந்த நாளில் வைப்பது? டிசம்பர் 5 சர்வதேசத் தொண்டர் தினம், 1985இல் ஐ.நா. அறிவித்தது. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பழைய தொண்டர்கள் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார்கள். அந்த வாரத்தில் வைத்தால் அவர்களையும் மேடையேற்றலாம்.

பரிசு கொடுக்கக் காசு இருந்தால் சுவர்க்கடிகாரம் வேண்டாம். நல்ல குடை வாங்குங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே குடையில்லாமல் வகுப்புக்கு வர முடியாது. சங்கத்தின் பெயரை மட்டும் அதில் பெரிதாக அச்சடிக்காதீர்கள். பிள்ளைகள் வெட்கப்பட்டு விரிக்கவே மாட்டார்கள்.