மாடித் தோட்டம்: செடிக்கு முன்னால் தளத்தைப் பாருங்கள்

சென்னையில் மாடித் தோட்டம் போட்டுக் கைவிட்டவர்களைக் கேட்டால் பூச்சியைச் சொல்வார்கள், வெயிலைச் சொல்வார்கள். வினை பெரும்பாலும் தளத்தில்தான் தொடங்கியிருக்கும்.

எடையைப் பார்க்காமல் மண்ணை ஏற்றுவதுதான் பெரிய தவறு. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தர விதி கணக்கில் எடுக்கச் சொல்லும் பாரம், சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கீரைக்கென்று செங்கல்லால் பாத்தி கட்டி அரை அடிக்குத் தோட்டத்து மண்ணைக் கொட்டினால், நனைந்தபின் அதே சதுர மீட்டரில் 250 கிலோவுக்குமேல் உட்கார்ந்திருக்கும். மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கூட்டச் சொல்வது இதனால்தான். செடி வளர்க்கும் பைகளையும் நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே பீமோ சுவரோ ஓடும் இடம் பார்த்து வரிசையாக வையுங்கள். தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா? பொறியாளர் பார்க்காமல் ஒரு தொட்டிகூட ஏற்ற வேண்டாம்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்பாதீர்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழியுங்கள்.

அப்புறம் தண்ணீர். பையைத் தட்டோட்டின்மேல் நேராக வைத்தால் அடியில் ஈரம் காயவே காயாது, ஓட்டு இடுக்கில் வேரும் இறங்கும். கசிவு தெரிய வருவதோ ஐப்பசி மழையில், கீழ்வீட்டுக்காரர் படியேறி வரும்போது! பைக்கு அடியில் இரண்டு செங்கல் போதும், காற்று ஓடும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வலை கட்டாவிட்டால் நார்த்தூள் போய் மழைநீர் சேகரிப்புத் தொட்டியை அடைத்துவிடும். செடித் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுவே போதும்.

பருவம் பார்க்காமல் விதைத்து நானும் சூடு பட்டிருக்கிறேன். சித்திரையில் தக்காளி போட்டேன். செடி செழித்தது, பூவும் பூத்தது, அத்தனையும் உதிர்ந்தது. அந்த வெயிலில் தக்காளி காய் பிடிக்காது என்று பிறகுதான் புரிந்தது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றதில் மாடிக்கு விலக்கு இல்லை. கோடையில் கை சும்மா இருக்காது என்றால் நிழல்வலைக்குக் கீழே தண்டுக்கீரை தூவுங்கள், வெண்டையும் தாங்கும்.