பழைய தீர்ப்பைத் தேடிச் சட்ட நூலகத்துக்குப் போகிறீர்களா?

ஒரு பழைய தீர்ப்பை அது முதலில் அச்சான தொகுதியிலேயே படித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. இணையத்தில் பெரும்பாலும் தீர்ப்பு மட்டுமே கிடைக்கிறது. தொகுதியைப் பிரித்தால் வழக்கின் பின்னணி, கீழ்நீதிமன்றங்கள் சொன்னவை, இரு தரப்பு வாதங்கள் என எல்லாம் இருக்கும். தோற்ற வாதத்தைப் படிக்காமல் தீர்ப்பு முழுதாகப் பிடிபடாது.

புறப்படுமுன் வழக்கின் மேற்கோளை, அதாவது அது எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் அச்சானது என்று காட்டும் குறிப்பை, எழுதிக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் ஜமீன் வழக்கில், அன்று இந்தியாவுக்கான உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1868இல் வழங்கிய தீர்ப்புக்கு 12 எம்.ஐ.ஏ. 397 என்று போடுவார்கள். மூர் தொகுத்த இந்திய மேல்முறையீடுகளில் 12ஆம் தொகுதி, 397ஆம் பக்கம் என்று பொருள். 1876 முதலான உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்), 1914 முதல் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தொகுதிகளும் உண்டு.

பெயர் மட்டும் தெரிந்தால் வழக்குப் பட்டியலில்தான் தேட வேண்டும். அங்கே பொறுமை தேவை. 'ராமநாதபுரம்' என்று தேடினால் இந்த வழக்கு அகப்படாது. மேல்முறையீடு செய்தவர் மதுரை கலெக்டர் என்பதால் அவர் பதவியின் பெயரில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு சேதுபதியோ அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'சதுபதி' ஆகியிருக்கிறார். வழக்கில் வரும் பெயர்களை நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

அரிய நூல்கள் திறந்த அலமாரியில் இருக்காது. முன்கூட்டியே நூலகருக்கு எழுதி, என்ன வேண்டும், எதற்காக என்று சொல்லுங்கள். பல சிறு பிரசுரங்களை ஒரே அட்டைக்குள் சேர்த்துக் கட்டியிருப்பார்கள்; அவை கணினிப் பட்டியலில் தனித்தனியாக ஏறாமல் போவதுண்டு. பழைய அலமாரிப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

உள்ளே பென்சில் மட்டும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். கையுறை போட்டால் தாளின் முனை விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். தோல் அட்டையிலிருந்து செம்பொடி உதிர்ந்தால் தட்டாதீர்கள், நூலகரிடம் காட்டுங்கள். புத்தகத்தைத் தாங்கியில் வைத்து, அது விரியும் அளவுக்கே விரியுங்கள்.

படிக்கும்போது, தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக அச்சிட்டிருக்கும் தலைக்குறிப்போடு நிறுத்திவிடாதீர்கள். அது தொகுத்தவர் எழுதியது, நீதிபதிகளின் வாக்கல்ல. கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும், சபிண்டர்களின், அதாவது கணவனின் நெருங்கிய இரத்த உறவினர்களின், சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்பதே ராமநாதபுரம் வழக்கின் முடிவு. ஆனால், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சட்ட நூலையும் விஞ்சும் என்று நீதிபதிகள் சொல்லும் இடம் 436ஆம் பக்கத்தில்தான் வருகிறது. அங்கே வந்து சேரும்வரை ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். எடுத்தெழுதும்போது தொடக்கப் பக்கத்தோடு அந்த வரி இருக்கும் பக்கத்தையும் சேர்த்துக் குறியுங்கள். பின்னால் சரிபார்க்க வருகிறவர் நேரே அங்கே போகட்டும்.